காலுக்குக் கேட்ட பேஸ் பெட்டி

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்குத்தான் ஓய்வு என்று ஒன்று உண்டு என்பது அவர்கள் எண்ணம். போடியில் ஒரே மெல்லிசைக் குழுவில், டிரம்ஸுக்கு இடப்பக்கம் நின்று, இருபதுகளின் தொடக்கத்திலிருந்து, கீழ்ச்சுருதி கொடுக்கும் பேஸ் கிதார் வாசித்தவன் நான். சென்ற ஆண்டு எங்கள் குழுவுக்குப் புதுக் கீபோர்டு வந்தது. அதை வாசிக்கிறவர் இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடுகிறார். நன்றாகவும் வாசிக்கிறார். அதற்குப் பிறகு நான் அங்கே நிற்பது இடத்தை அடைக்கிற காரியம் என்று தோன்றியது. கிதாரை உறையில் போட்டுக் கட்டிவிட்டு, பகலில் பார்த்துவந்த ஏலக்காய்க் கடை வேலையையே முழு வேலையாக்கிக் கொண்டேன்.

இப்போது புதிதாகக் குழு ஆரம்பித்திருக்கும் தம்பிகள் சிலர் கடைக்கு வந்தார்கள். "அண்ணே, கையக் கடிக்காம ஒரு பேஸ் ஸ்பீக்கர் பொட்டி வேணும். எதப் பாத்து வாங்க? எத்தன வாட்ஸு, எத்தன இஞ்சு?" என்று கேட்டார்கள். எடைத்தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் சொன்ன பதில் அவர்களுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. எங்கள் தொடக்கவிழா மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். வாட்ஸும் இஞ்சும் இதில் வரும். ஆனால் நாங்கள் பெட்டி தேடியது ஓர் ஆளுக்காக. அந்த ஆளை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். ஒரு வருடம் கல்லூரிக்கும் போனேன். அங்கே ஹாஸ்டலில் ஒருவன் வைத்திருந்த கிதாரைத் தொட்டதுதான் படிப்பில் மிஞ்சியது. ஊர் திரும்பி ஏலக்காய்க் கடையில் சேர்ந்தேன். மாலையில் குழுவின் ஒத்திகையை வாசலில் நின்று கேட்பேன். ஒருநாள் குழுவை நடத்திய மாஸ்டர் உள்ளே கூப்பிட்டு, சுவரில் சாய்த்திருந்த பேஸ் கிதாரைக் கையில் கொடுத்தார். "நாலு கம்பிதான். படிச்ச பிள்ளை, புடிச்சுக்குவ" என்றார். பிடித்துக்கொள்ள ஒன்றரை வருடம் ஆயிற்று. விரல் நுனி காய்த்து, உரிந்து, மறுபடி காய்த்தது. "ஏட்டைத் தூக்கிட்டுப் போனான், இப்ப கட்டையத் தூக்கிட்டு வாறான்" என்று ஆத்தா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

மாஸ்டரின் பெயர் அருளப்பன். மளிகை, மலைச்சரக்கு வியாபாரம் செய்கிற குடும்பம். அக்கார்டியன் வாசிப்பார். கருவிகள் எல்லாம் அவர் வாங்கியவை. அவர் சத்தம்போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பு விட்டால் வாசிப்பதை நிறுத்தி, கைக்குட்டையை எடுத்து அக்கார்டியனின் கட்டைகளைத் துடைப்பார். முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை துடைத்து முடித்து, "சரி, இன்னொருக்க" என்பார். திட்டியிருந்தால் மறந்திருப்போம். அந்தத் துடைப்பு ஒவ்வொருவனையும் நெஞ்சுக்குள் போய்த் துடைக்கும். கருவிமேல் கை ஊன்றுவது, பெட்டிமேல் டீ கிளாஸ் வைப்பது எதுவும் அவரிடம் ஆகாது.

நல்ல மனிதர்தான். ஆனால் பாட்டு விழுந்தால் பொறுக்க மாட்டார். எங்கள் குழுவின் முதல் பாடகருக்குக் குரல் உடைந்து, மேல் சுருதியில் பிசிறடிக்க ஆரம்பித்தது. மாஸ்டர் அவரை வீட்டுக்கு அழைத்து, காப்பி கொடுத்து, இனிமேல் வரவேண்டாம் என்பதை அவருக்கே நல்லது போலச் சொல்லி அனுப்பிவைத்தார். அவரும் கைகூப்பிவிட்டுப் போனார். அதற்கப்புறம் குழுவில் தொண்டை கட்டினால்கூட எவனும் வெளியே சொல்வதில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த ஸ்பீக்கர் வந்தாலும் கூட்டம் முடிகிற இடத்துக்கு, அதாவது வழக்கமாகக் கடலை வண்டி நிற்கும் தூரத்துக்கு நடந்துபோவார். மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். காதில் விழுந்தால் கைக்குட்டையைத் தூக்குவார். விழாவிட்டால் தூக்க மாட்டார். "மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கடலை வாங்குறவனுக்கும் கேக்கணும் தம்பி. முன்வரிசையில இருக்குறவன் எப்படியும் கேப்பான்" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பேஸுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. மைக் செட்காரரின் குழாய் ஸ்பீக்கரிலேயே எல்லாம் போகும். குழாய் பாடுகிறவன் குரலை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோகும். பேஸின் தடித்த கம்பியைத் தட்டினால் தகரத்தில் சுண்டிய மாதிரி ஒரு சத்தம்தான் வெளியே வரும். கம்பி அதிர்வது என் விலா எலும்புக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அதைப் பற்றி நான் ஒருவன்தான் வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரம்ஸ் கருப்பையா அண்ணனும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது போடியில் ஒரு கல்யாண வரவேற்பில்தான் தெரிந்தது. நண்பகல் நேரம். வேகமான ஒரு பாட்டு நடுவில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மைக் போனது, என் கிதார் ஊமையானது, மாஸ்டர் அக்கார்டியனை மடக்கிவிட்டார். கருப்பையா அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தார். மண்டபம் முழுக்க அந்த டிரம்ஸ் ஒன்றுதான். வேண்டுமென்றே ஜமாய்க்கிறார் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது, விசில் பறந்தது. அவர் கண்ணைத் திறந்தார். தட்டுகிற கைகளையும் எங்கள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு முத்தாய்ப்பு அடித்து முடித்தார். அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் முகத்தில் ஒரு கணம் வந்துபோனதை, பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். வழி தவறிய ஆளின் முகம் அது.

வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"கரண்ட் போனது தெரியலையாண்ணே?"

"தெரியாமயா? சும்மா ஒரு பந்தாவுக்கு அடிச்சேன். கை தட்டுனாய்ங்கள்ல!"

டீ கிளாஸை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர் ஒங்களத் தேடுறாருண்ணே" என்றேன். அவர் என் கண்ணையே பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"கிளாஸ எறக்கிட்டுச் சொல்லு, காலேஜு" என்றார்.

என்னை அவர் கூப்பிடுகிற பெயர் அதுதான். ஒரு வருடம் போன கல்லூரிக்காகச் செய்கிற கேலி. அன்றைக்கு அதில் கேலி இல்லை.

குழுவுக்கு வருமுன் அவர் மலை ரோட்டுக்குப் பாறை உடைக்கும் வேட்டு வேலையில் இருந்தவர். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி பற்றவைத்து, விசில் ஊதியதும் ஓடிப் பதுங்க வேண்டும். "வலது காது அங்கனயே போயிருச்சு. எடது காது, அண்ணன் போன வழியிலயே நானும் போறேன்னு கொஞ்சங் கொஞ்சமா கெளம்புது" என்றார். ஒருநாள் விசில் அவருக்குக் கேட்கவில்லை. கங்காணி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். மறுநாள் வேலைக்குப் போனால், விசில் கேட்காத ஆளை வைத்துக்கொண்டு பழி சுமக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அப்ப இத்தன நாளும் எப்படிண்ணே வாசிக்கிறீக?"

"ஒன் வலது கையப் பாத்துத்தான். ஒன் வெரல் நிக்கிற எடத்துல நானும் நிப்பேன். இன்னைக்குப் பாட்டு நல்லாருந்துச்சா, கண்ணை மூடித் தொலைச்சுட்டேன்." கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் நீ தட்டுறது லேசா காதுல விழும். இப்ப அந்தக் கொழாயில வர்றது சுத்தமா விழல. மாஸ்டருக்குத் தெரிஞ்சா காப்பி குடுத்து அனுப்பிருவாரு. காதுக்காக ஒரு வேலய விட்டாச்சு. ரெண்டாவதயும் விட்டுட்டு வீட்டுல போயி என்னன்னு சொல்லி நிக்கிறது?"

பேஸுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று அடுத்த ஒத்திகையிலேயே மாஸ்டரிடம் கேட்டேன். தடித்த கம்பி வெளியே கேட்கவே இல்லை என்றேன். அது உண்மைதான். "ஒரே ஒரு பொட்டி, தம்பி. பெரிய கம்பெனிச் சரக்கெல்லாம் நமக்குக் கட்டாது. நீயே பாரு, ஆனா கடலை வண்டி வரைக்கும் கேக்கணும்" என்று பொறுப்பை என்னிடமே விட்டார்.

மதுரைக்குப் போய்க் கம்பெனிப் பெட்டியைப் பார்த்தேன். கடைக்காரர் விலை சொன்னதும், தொட்டுப் பார்க்க விட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போடியில் மைக் செட்காரர் 'காலம்' என்று சொல்கிற தூண் பெட்டி ஒன்று வைத்திருந்தார். ஆள் உயரம், ஒல்லி, சின்ன ஸ்பீக்கர் நான்கு ஒன்றன்மேல் ஒன்று. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கொடுத்துவிட்டார். மூன்றாவது, தேவாரம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது கிடைத்தது. திரைக்குப் பின்னால் இருந்த பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர். காகிதக் கூம்பு நன்றாக இருந்தது, பின்னால் காந்தம் ஒரு சின்னப் பானை அளவு. பெட்டியைத்தான் கரையான் பாதி தின்றிருந்தது. தோட்டத்துக்குள் வரும் யானையை விரட்ட வேட்டு வாங்குகிற செலவுக்காவது ஆகட்டும் என்று சொல்லி, மற்ற இரண்டையும்விடக் குறைந்த விலைக்கு அதைத் தள்ளிவிடத் தயாராக இருந்தார் உரிமையாளர்.

மாஸ்டர் பார்க்குமுன் நானும் கருப்பையா அண்ணனும் ஒரு மதியம் ஒத்திகை நடக்கும் கிடங்கில் காலம் பெட்டி, டாக்கீஸ் பெட்டி இரண்டையும் எடுத்துவந்து வைத்துப் பார்த்தோம். ஏலக்காய் மூட்டைக்கு ஈரம் ஏறாமல் இருக்க அந்தக் கிடங்கில் தரைக்கு மேலே பலகைத் தளம் போட்டிருப்பார்கள். நம் ஊர் மேடைகளும் பீப்பாய்மேல் பரப்பிய பலகைதான். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டார், கண்ணையும் மூடிக்கொண்டார்.

"ஒவ்வொண்ணாத் தட்டு. பலக அதிருறது தெரிஞ்சா கால் பெருவெரலத் தூக்குறேன்."

காலம் பெட்டியில் தட்டினேன். மெல்லிய கம்பி, அடுத்தது, அதற்கடுத்தது, கடைசியில் தடித்த கம்பி. அறை முழுக்கச் சத்தம். கால் பெருவிரல் அசையவில்லை. நான் நிறுத்திவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தார்.

ஒயரைக் கழற்றி டாக்கீஸ் ஸ்பீக்கரில் மாட்டினேன். இதில் ஒன்று, தம்பிகள் கவனிக்க வேண்டும்: ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பார்த்து ஆம்பிளிபயரில் அதே முனையில் மாட்ட வேண்டும். மாற்றிப் போட்டால் சத்தம் சுருங்கும், ஆம்பிளிபயர் சுடும். பெட்டியை முக்காலிமேல் ஏற்றாமல் பலகையிலேயே உட்காரவைத்தேன். தடித்த கம்பியைத் தட்டினேன். பெருவிரல் எழுந்தது. மறுபடி தட்டினேன். எழுந்தது. தாளம் மாற்றி, இடம் விட்டு, ஏமாற்றுகிற மாதிரி தட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எழுந்தது. கம்பியைக் கையால் அமுக்கினால் அந்தக் கணமே விரலும் இறங்கியது.

"அண்ணே, போதும்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த அடிக்காகக் காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன்.

மாஸ்டரின் சோதனை கிடங்குக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில். பலகை பரப்பி மேடை போட்டோம். மாஸ்டர் கடலை வண்டித் தூரம் நடந்துபோய் முதுகைக் காட்டி நின்றார். காலம் பெட்டியில் வாசித்தேன். கைக்குட்டை உடனே மேலே போனது. டாக்கீஸ் பெட்டியில் வாசித்தேன். கைக்குட்டை எழவில்லை.

திரும்பி வந்து, "அந்த ஒல்லிப் பொட்டியே இருக்கட்டும் தம்பி. தூக்கவும் லேசு" என்றார்.

கருப்பையா அண்ணன் அவர் உதட்டைப் படித்துவிட்டு, சிம்பல் தட்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இன்னொருக்க நிக்கிறீகளா?" என்றேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் சயின்ஸ் வாத்தியார் கிணற்றுக்குள் குரல் கொடுக்கச் சொல்லிக் காட்டிய பாடம்தான் நினைவுக்கு வந்தது. நடுமேடையில் இருந்த பெட்டியைப் பின்னால் தள்ளி, டிரம்ஸுக்கு ஒட்டினாற்போல, கிடங்குச் சுவரும் பக்கச் சுவரும் சேருகிற மூலையில் பலகைமேல் வைத்தேன். பேஸ் சத்தம் நாலு பக்கமும் கசிந்து போகும். சுவரும் தரையும் சேருகிற மூலையில் வைத்தால் போக்கிடம் இல்லாமல் எல்லாம் முன்பக்கம் வரும். வாசித்தேன். மாஸ்டர் நெடுநேரம் அசையாமல் நின்றார். பிறகு கைக்குட்டை மேலே போனது, பாதி உயரம். கொஞ்சம் பொறுத்து முழுக்க.

"வயித்துக்குள்ள வந்து தட்டுது தம்பி. சரி, இதையே எடு" என்றார்.

ஆசாரியைக் கொண்டு முக்கால் இஞ்ச் பிளைவுட்டில் புதுப் பெட்டி அடித்தோம். ஆணி வேண்டாம், வஜ்ஜிரப் பசை போட்டு ஸ்குரூ முடுக்குங்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். மூலையில் நூலளவு சந்து இருந்தாலும் பெட்டி புஸ்ஸென்று காற்று விடும். உள்ளே எதிரொலி அடங்கப் பஞ்சு வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். போடியில் இலவம் பஞ்சுக்கா பஞ்சம்? மூட்டையாகக் கொண்டுவந்து தலையணை மாதிரித் திணித்துவிட்டோம். பெட்டிக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மறுபடி பிரித்து, முக்காலே மூணுவீசத்தை வெளியே அள்ளினோம். மிச்சத்தைப் பழைய வேட்டித் துணியில் மெத்தையாகத் தைத்து, பக்கப் பலகைகளில் மட்டும் அறைந்தோம். உதிரிப் பஞ்சு கூம்புக்குப் பின்னால் போய்ச் சிக்கினால் ஸ்பீக்கர் தொலைந்தது. "மிச்சப் பஞ்சுல எனக்கு ஒரு மெத்தை தச்சுக் குடு காலேஜு, எங்கிட்டும் எதிரொலி ஜாஸ்தியா இருக்கு" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு அந்தக் கனமான பெட்டியைத் தூக்குகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் நான் பிடித்தாலும் இறக்கிவைப்பது அவர்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் பலகையில் வைத்து, வெறுங்காலால் ஒருதரம் தரையைத் தேய்த்துப் பார்ப்பார். கோயில், கல்யாணம், சர்ச் திருவிழா என்று வருடங்கள் ஓடின. இடது காதும் போய்ச் சேர்ந்தது. அவர் வாசிப்பில் ஓர் அடி பிசகியதில்லை. என் விரலைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது.

பிறகு குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் சாமி கும்பிடுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பனி இறங்குமுன் ஜீப்பு கீழே வந்துவிட வேண்டும் என்பதால் கச்சேரி மதியம். வளைவுக்கு வளைவு பெட்டியைப் பிடித்துக்கொண்டே போனோம். இறங்கியதும் எஸ்டேட் காவல்காரர் காப்பி காயப்போடுகிற களத்தைக் காட்டி, "இவிட மதி சாரே, நல்ல நெரப்பான ஸ்தலம்" என்றார், இந்த இடமே போதும் என்று மலையாளத்தில். மலையில் சமமான இடம் என்றால் களம்தான். அது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். அந்தக் களம் எதனால் ஆனது என்பதைத்தான் நான் யோசித்திருக்கவில்லை.

பாறைமேல் போட்ட சிமெண்ட்டுத் தளம். சுற்றிலும் சரிவு, ஒரு சுவர் கிடையாது.

பெட்டியை இறக்கி வைத்தோம். அண்ணன் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தார். நான் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். இன்னும் தட்டினேன். குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு மறுபடி பார்த்தார். பலகை கிடைக்குமா என்று ஓடினேன். ஏலக்காய் ஸ்டோரில் தட்டு தட்டாகப் பலகை இருந்தது. எல்லாவற்றிலும் காய் பரப்பியிருந்தது. சுற்றி மலை முழுக்க மரம், ஒரு துண்டுப் பலகை இல்லை. வெறுங்கையோடு திரும்பியபோது கூட்டம் உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் முக்காலியைத் தள்ளிவிட்டிருந்தார். பேஸ் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு, டிரம்ஸுக்குப் பின்னால் இழுத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, தட்டு என்று கண்ணைக் காட்டினார். தட்டினேன். தெரிகிறது என்று தலையை ஆட்டினார்.

பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. "கருப்பையா, பொட்டிய விட்டு எந்திரி."

அண்ணன் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கருப்பையா, உன்னத்தான்."

பாடகர்கள் திரும்பினார்கள். நான் அவருக்குக் கைஜாடை காட்டியிருக்கலாம். கை எழவில்லை. மாஸ்டர் இன்னும் பக்கத்தில் வந்து, அவர் தலைக்குப் பின்னால் நின்று, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் கூப்பிட்டார். முன்வரிசைக் குழந்தை ஒன்று பயந்து அழுதது. அண்ணன் சிம்பலின் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் மெதுவாகச் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்தார். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, தொடங்கப் போகிறோம் என்று நினைத்துக் குச்சிகளைத் தூக்கினார். மாஸ்டர் அந்தக் குச்சிகளைப் பார்த்தார். கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். வெறுங்கால்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அண்ணன் ஏதோ திருட்டு செய்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

மாஸ்டர் அக்கார்டியனை மாட்டிக்கொண்டார். வழக்கமாக வாயால் எண்ணித் தொடங்குகிறவர் அன்றைக்கு வலது கையை அண்ணன் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்விட்டு நான்கு எண்ணினார்.

அந்தக் கச்சேரியை நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது. அண்ணன் உடம்பு முழுக்கப் பெட்டிமேல் இருந்தது. நான் நினைத்து முடிக்குமுன் அவர் கை விழுந்தது. சுவர் இல்லாத அந்தச் சரிவில் என் பேஸ் கூட்டத்தின் பாதிக்கு மேல் போயிருக்காது. அவரைத் தாண்டிப் போகவேண்டிய தேவை அன்றைக்கு இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

முடிந்ததும் மாஸ்டர் என்னைக் காப்பிச் செடிப் பக்கம் தனியாக அழைத்துப் போனார்.

"எப்பருந்து?"

"பொட்டி வாங்குறதுக்கு முன்னாலருந்தே மாஸ்டர்."

"அப்ப அன்னைக்கு நீ கடலை வண்டிக்காகப் பொட்டி பாக்கல."

"அதுக்கும் பாத்தேன் மாஸ்டர். மூலையில வச்சது அதுக்காகத்தான்."

அவர் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, மடித்து மடித்துக் கசக்கினார். "விசில் கேக்கலேன்னு ரோட்டு வேலையில நிப்பாட்டுனாங்கன்னு அப்பவே ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சு. சரியாயிருச்சுன்னு சொன்னான். நம்பிட்டேன். ஒரு நாளாவது தப்பு விட்டிருந்தா தோண்டிக் கேட்டிருப்பேன்." ஜீப்பு நின்ற பக்கம் பார்த்தார். "அங்க விசில் கேக்கலேன்னா உசுரு போகும். இங்க பாட்டுத்தான் போகும். பாட்டு போனாலும் எனக்குப் பொறுக்காது, அது உனக்கே தெரியும். ஆனா போகலையே."

கசக்கிய இலையைக் கீழே போட்டார்.

"பொட்டிமேல ஆளு உக்காரக் கூடாது. கூம்பு கிழிஞ்சுரும். ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு பலகைத் தளம் செய்யச் சொல்லு. பொட்டி, டிரம்ஸு, அவன் முக்காலி மூணும் அதுல உக்காரணும். எங்க போனாலும் அது கூட வரணும். போயி அவன்கிட்டச் சொல்லு. நான் சொன்னா அவனுக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் ஜீப்பின் முன்சீட்டை நோக்கி நடந்தார்.

அண்ணன் ஜீப்புக்குப் பின்னால் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். திரும்பாமலே, "சொல்லிட்டாரா?" என்றார். நான் சுற்றிப் போய் எதிரில் நின்றேன். அப்போதும் என் உதட்டைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"பலகை செய்யச் சொல்றாருண்ணே."

"எதுக்கு? என்னத் தூக்கிட்டுப் போறதுக்கா?"

"நீங்க உக்கார. பொட்டியும் டிரம்ஸும் நீங்களும் ஒரே பலகையில. இனிமே எந்த ஊருக்குப் போனாலும் கூடவே கொண்டாரணுமாம்."

என் வாயையே பார்த்தார். "இன்னொருக்கச் சொல்லு" என்றார். அதே வார்த்தைகளை மெதுவாகச் சொன்னேன். ஜீப்பின் முன்பக்கம் திரும்பி, கண்ணாடி வழியே தெரிந்த மாஸ்டரின் பின்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து, காலை வண்டியில் ஊன்றி, ஓர் இழு இழுத்துக் கட்டினார்.

"அதையும் நாந்தான செமக்கணும்?" என்றார்.